கெண்டோவா, இயாய்டோவா, ஜோடோவா: வன்னிக் கழகமொன்று யப்பானிய வாட்பயிற்சியைத் தொடங்கும் முன்

வன்னியில் ஒரு விளையாட்டுக் கழகமோ சனசமூக நிலையமோ யப்பானிய வாட்பயிற்சி வகுப்பொன்றைத் தொடங்க நினைக்கும்போது, அந்த நினைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர், ரொறன்ரோவிலோ பாரிசிலோ இக்கலையைச் சில ஆண்டுகள் பயின்றுவிட்டு, ஆவணி விடுமுறையில் ஊருக்கு வந்து, கழகத்துக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக விரும்பும் உறவினர். மற்றவர், யப்பானிய அனிமே தொடர்களைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து வாள்மீது ஆசை கொண்டுவிட்ட பதினைந்து வயதுப் பிள்ளை. முன்னவரிடம் அறிவும் ஓரளவு பணமும் உண்டு, நேரம் இல்லை. பின்னவரிடம் நேரம் மட்டுமே உண்டு. இந்த இருவருக்கும் நடுவில் இருந்துகொண்டு கழக நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு, எந்தக் கலையைத் தொடங்குவது என்பதாகும். ஏனெனில் யப்பானிய வாட்கலை என்று வெளியிலிருந்து ஒன்றாகத் தெரிவது, உள்ளே போனால் தளமும் கருவியும் ஆசிரியரும் வேறுவேறாகத் தேவைப்படும் நான்கைந்து தனித்தனிப் பயிற்சிகளாக இருக்கிறது.

என் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். நமது மண்டபங்களின் தரை, ஆசிரியர் கிடைக்கும் விதம், பெற்றாரின் மனநிலை ஆகியவற்றை வைத்துப் பார்க்கும்போது, மரவாளால் செய்யப்படும் கெண்டோ அடிப்படைப் பயிற்சியோடு தொடங்கி, அது ஓராண்டு நிலைத்த பின்னரே கவசமணிந்த கெண்டோவுக்குப் போவதுதான் ஒரு பொதுக் கழகத்துக்குப் பொருந்தும். தனியாக வாளை உருவிப் பயிலும் இயாய்டோ, வளர்ந்தோர் சிலருக்கான இரண்டாவது வகுப்பாக இருக்கலாம். பழைய மரபுப் பள்ளிகளை, கற்பிக்கும் உரிமை பெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மிடையே வந்து குடியிருந்தாலன்றித் தொடக்கூடாது.

கெண்டோ, எதிரே நிற்பவரோடு உண்மையாக மோதும் பயிற்சி. நான்கு மூங்கில் பத்தைகளைத் தோலாலும் கயிற்றாலும் கட்டிச் செய்த ஷினாய் என்னும் வாளை இரு கைகளாலும் பிடித்து, தலை, மணிக்கட்டு, விலா ஆகியவற்றில் அடிக்கவும் தொண்டையில் குத்தவும் செய்வார்கள். வேறு எந்த இடத்தில் பட்டாலும் அது கணக்கில் இல்லை. தலைக்கும் தொண்டைக்கும் மென், கைகளுக்குக் கொத்தே, மார்புக்கும் விலாவுக்கும் தோ, இடுப்புக்குத் தாரே என்று கவசம் நான்கு பகுதிகளாக அமைந்திருக்கும். இந்தக் கவசமும் மூங்கில் வாளும் 18 ஆம் நூற்றாண்டில் யப்பானிய வாட்பள்ளிகளில் படிப்படியாக இன்றைய உருவத்துக்கு வந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யப்பானில் கெண்டோ தடைப்பட்டிருந்து, 1952 இல் அகில யப்பான் கெண்டோ சம்மேளனம் அமைக்கப்பட்டதோடு மீண்டும் எழுந்தது. 1970 இல் அனைத்துலகச் சம்மேளனம் உருவாகி, அதே ஆண்டில் முதலாவது உலகப் போட்டியும் நடந்தது. போட்டி ஐந்து நிமிடம். முதலில் இரண்டு புள்ளி எடுப்பவர் வெல்வார். சிவப்பு, வெள்ளைக் கொடிகளோடு மூன்று நடுவர்கள் நிற்பார்கள். அடி பட்டது மட்டும் புள்ளிக்குப் போதாது. குரலும் வாளும் காலடியும் ஒரே கணத்தில் ஒன்றுசேர வேண்டும். அடித்த பின்னும் விழிப்புக் குலையக்கூடாது. அடித்துவிட்டுக் கையை உயர்த்திக் கொண்டாடினால், கொடுத்த புள்ளியையே நடுவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விக்கெட் விழுந்ததும் மைதானம் முழுவதும் ஓடித் துள்ளிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதியைப் பழக்குவதற்கே ஒரு தவணை போய்விடும் என்று நினைக்கிறேன்.

இயாய்டோவில் எதிரே எவரும் நிற்பதில்லை. உறையிலிருந்து வாளை உருவும் அசைவே முதல் வெட்டாகி, அதைத் தொடர்ந்து இறுதி வெட்டு, வாளில் படிந்த குருதியை உதறுவதைக் குறிக்கும் அசைவு, வாளைப் பார்க்காமலே மீண்டும் உறையில் இடுதல் என்று ஒவ்வொரு வடிவமும் முடியும். 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹயாஷிசாக்கி ஜின்சுகே என்பவரை இதன் தோற்றுநராக மரபு கொண்டாடுகிறது. இன்று உலகெங்கும் பொதுவாகப் பயிலப்படும் சம்மேளனத் தொகுப்பு 1969 இல் ஏழு வடிவங்களோடு தொடங்கி, 1980 இல் மூன்றும் 2000 இல் இரண்டும் சேர்ந்து பன்னிரண்டாக நிற்கிறது. கருவி, கூர் தீட்டப்படாத உலோகக் கலவையால் செய்த வாள். தொடக்கத்தில் மரவாளும் நெகிழி உறையும் போதும். கவசம் வேண்டாம், துணை வேண்டாம், சிறிதளவு இடம் இருந்தாலே ஒருவர் பயிலலாம் என்பதால், முதற்பார்வையில் வன்னிக்கு இதுவே மலிவான, எளிதான வழி போலத் தோன்றும். ஆனால் இந்தத் தோற்றம் ஆசிரியர் பற்றிய கேள்வியில் குலைந்துவிடுகிறது.

மற்றவற்றை இங்கேயே சுருக்கமாகப் பார்த்துவிடலாம். யப்பானில் ஆட்சிமுறை மாறிய 1868 ஆம் ஆண்டின் மெய்ஜி மாற்றத்துக்கு முன் தோன்றிய பள்ளிகளைக் கொரியூ என்பார்கள். 15 ஆம் நூற்றாண்டில் தோன்றிய கதோரி ஷிந்தோ-ரியூ, பின்னர் வந்த யகியூ ஷின்ககே-ரியூ, ஒனோ-ஹா இத்தோ-ரியூ ஆகியவை இன்றும் உயிரோடிருப்பவை. இவை ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு நேருக்கு நேர் கையளிக்கப்படுபவை. கதோரிப் பள்ளியில் சேர்பவர் குருதியால் ஒப்பமிட்டு உறுதிமொழி எடுக்கும் வழக்கம் உண்டு. வாசிகசாலைச் சுவரில் அறிவித்தல் ஒட்டி ஆள் சேர்க்கும் நமது முறைக்கும் இதற்கும் பொருத்தமில்லை. காணொளி பார்த்து ஒரு கொரியூவைக் கற்பிப்பதாகச் சொல்பவர், அந்தப் பள்ளியைக் கற்பிக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் சான்பரா எனப்படுவது, 1970 களின் தொடக்கத்தில் யப்பானில் உருவான, காற்று நிரப்பிய மென்வாளும் முகக்கவசமும் கொண்டு உடலின் எந்தப் பகுதியையும் அடிக்கக்கூடிய விளையாட்டு. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அது மிகுந்த மகிழ்ச்சி தரும். கழகத்தின் ஆண்டு விழாவில் ஒரு பிற்பகலை நிரப்ப அதைவிட நல்லது இல்லை. ஆனால் வாளைப் பிடிக்கவும் நிற்கவும் கற்றுக்கொள்வதற்கு அது வழி அல்ல.

ஜோடோ மட்டும் இந்தச் சுருக்கத்துக்குள் அடங்க மறுக்கிறது. 128 சென்ரிமீற்றர் நீளமும் 2.4 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட உருண்டைக் கோலால் வாளை எதிர்கொள்ளும் கலை அது. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த முசோ கொன்னொசுகேயின் பெயரோடு இணைந்த ஷிந்தோ முசோ-ரியூ என்னும் பள்ளியிலிருந்து, பன்னிரண்டு வடிவங்கள் கொண்ட பொதுத் தொகுப்பொன்றைக் கெண்டோச் சம்மேளனம் வகுத்திருக்கிறது. ஒருவர் கோலும் மற்றவர் மரவாளும் பிடிப்பதால், இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பயில்பவருக்கு வாளும் கைவரும். சப்பாத்து அணிந்துகொண்டு கோவில் வீதி மணலில்கூடப் பயிலலாம். கோலை நம்மூர்த் தச்சரே கடைந்து தருவார். சிலம்பத்தில் கைமாற்றிப் பழகியவர்களுக்கு அதன் பிடிமாற்றங்கள் முற்றிலும் அந்நியமாக இராது, ஆனால் சிலம்பத்தின் சுழற்சியை இங்கே மறக்க வேண்டியிருக்கும். ஜோடோ தெரிந்த ஒருவர் தற்செயலாக நம் உறவினருள் இருந்தால், இக்கட்டுரையின் முடிவை மாற்றிக்கொண்டு அதையே தொடங்குங்கள் என்பேன். கெண்டோ பயின்ற பலரை வெளிநாடுகளில் காணலாம்; ஜோடோ பயின்றவர்கள் அரிது என்பதே தடை.

ஆசிரியர் என்னும் கேள்விக்கு வருவோம். நமக்குக் கிடைக்கக்கூடிய ஏற்பாடு பெரும்பாலும் இதுதான்: ஆண்டில் மூன்று நான்கு வாரம் ஆசிரியர் நேரில் இருப்பார், மீதிக் காலம் காணொளி அழைப்பிலும் பதிவுசெய்து அனுப்பும் படங்களிலும் திருத்துவார். ஆகவே, ஆசிரியர் இல்லாத பதினொரு மாதங்களை எந்தக் கலை தாங்கும் என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இயாய்டோ தாங்கும் என்று பலர் சொல்வார்கள், ஏனெனில் அது தனியாள் பயிற்சி, கைப்பேசி ஒன்றை முக்காலியில் நிறுத்தினால் முழு வடிவமும் பதிவாகிவிடும். ஆனால் இயாய்டோவில் பிழையைப் பயில்பவருக்கு உடனே உணர்த்த எதுவும் இல்லை. தூரம் பிழைத்தாலும் வாள் காற்றை வெட்டும். தோளில் இறுக்கம் இருந்தாலும் வாள் காற்றை வெட்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே அழகாகத் தெரியும். பத்து மாதம் திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஊறிப்போன பிழையை மூன்று வாரத்தில் கழற்றுவது, புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம்.

கவசமணிந்த கெண்டோவின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அங்கே பிழை உடனே தெரியும், ஏனெனில் எதிராளி அதற்குள் புகுந்து அடிப்பார். எனினும், கண்காணிப்பவர் இல்லாத மண்டபத்தில் கவசமும் மூங்கில் வாளும் பதின்ம வயதினர் கையில் கிடைத்தால், இரண்டே வாரத்தில் அது பலப்பரீட்சையாக மாறிவிடும். வலது கையின் வலிமையால் ஓங்கி அடிப்பது பழக்கமாகும், கவசம் மூடாத மேற்கையிலும் தோளிலும் கன்றல்கள் ஏறும், சிறிய பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான், அகில யப்பான் கெண்டோ சம்மேளனம் 2003 இல் வகுத்து வெளியிட்ட மரவாள் அடிப்படைப் பயிற்சி முறை. ஒன்பது பாடங்கள், இருவர் மரவாளோடு எதிரெதிரே நிற்பார்கள், ஒருவர் இடம் திறந்து கொடுக்க மற்றவர் அடிப்பார், அடி உடலில் படுமுன் நிற்கும். கெண்டோவின் நேரடி அடிகளும், தொடர் அடிகளும், எதிராளியின் வாளைத் தட்டியோ வழுக்கியோ விலக்கித் திருப்பி அடிப்பதும் இந்த ஒன்பதுக்குள் வந்துவிடுகின்றன. துணை எதிரே நிற்பதால் தூரத்தில் ஏமாற்ற முடியாது. அசைவுகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை என்பதால், பக்கவாட்டில் எடுத்த ஒரு நிமிடப் பதிவைப் பார்த்து, பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் ஆசிரியர் காலையும் இடுப்பையும் திருத்த முடியும். மோதல் இல்லாததால் போட்டி மனம் தலைதூக்குவதில்லை. இதைத் தேர்ந்தவர் பின்னர் கவசத்துக்குப் போகலாம், காத்தா எனப்படும், கெண்டோவின் வகுத்தமைத்த பத்து வடிவங்களுக்கும் போகலாம், இயாய்டோவுக்கும் திரும்பலாம். எந்தப் பக்கம் போனாலும் கற்றது வீணாகாது. என் பரிந்துரையின் முழுப் பாரமும் இந்தக் காரணத்தின்மேல்தான் நிற்கிறது.

ஆசிரியராக முன்வருபவரின் தகுதியைச் சோதிப்பது மரியாதைக் குறைவு என்று நம் நிர்வாகங்கள் எண்ணுவதுண்டு. அப்படி எண்ணத் தேவையில்லை; கெண்டோவில் தரநிலைகளுக்கு வயதும் கால இடைவெளியும் விதிக்கப்பட்டிருப்பதால் கேட்பது எளிது. யப்பானியச் சம்மேளன விதிப்படி முதலாம் டானுக்குப் பதின்மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டாம் டானுக்கு மேலும் ஓராண்டு, மூன்றாவதுக்கு இரண்டாண்டு, நான்காவதுக்கு மூன்றாண்டு, ஐந்தாவதுக்கு நான்காண்டு, ஆறாவதுக்கு ஐந்தாண்டு பயின்றிருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் ஆறாம் டான் என்று சொல்பவரின் கணக்கு அங்கேயே உதைக்கும். எட்டாம் டானே இன்று உச்சம். அதற்கு நாற்பத்தாறு வயதும், ஏழாம் டானுக்குப் பிந்திய பத்தாண்டுப் பயிற்சியும் வேண்டும், தேர்வில் நூற்றுக்கு ஒருவரளவே தேறுகிறார்கள். பத்தாம் டான் பெற்ற மகாகுரு என்று விளம்பரத் தாள் அடித்துக்கொண்டு வருபவரை வாசலிலேயே வழியனுப்பிவிடலாம். இரண்டாம், மூன்றாம் டான் பெற்று, தன் சான்று எந்த நாட்டுச் சம்மேளனத்தால் வழங்கப்பட்டது என்று தயங்காமல் காட்டும் ஒருவர், நமது தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். கராத்தே வகுப்புகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை நிறப்பட்டி மாறுவதைப் பார்த்துப் பழகிய பெற்றாருக்கு இன்னொன்றையும் முதற் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்: கெண்டோவில் நிறப்பட்டி கிடையாது; ஐந்தாண்டு பயின்றவரும் புதிதாக வந்தவரும் ஒரே கருநீல உடையில்தான் நிற்பார்கள்.

அடுத்தது தரை. இதைப் பற்றி வெளிநாட்டில் பயின்றவர்கள் அநேகமாக யோசிப்பதேயில்லை, ஏனெனில் அவர்கள் மரத்தளத்தில் பயின்றவர்கள். நமது பொதுநோக்கு மண்டபங்களும் பாடசாலை மண்டபங்களும் சீமெந்துத் தரை அல்லது மாபிள் பதித்தவை. கெண்டோவில் அடிக்கும் கணத்தில் வலது காலை வெறுங்காலாகத் தரையில் ஓங்கி மிதிப்பார்கள். வளைந்து கொடுக்கும் மரத்தளத்தில் அது பெரும் ஓசை எழுப்பும், சீமெந்தில் குதிகாலையும் கணைக்காலையும் உடைக்கும். கராத்தேக்குப் போடும் பஞ்சுப் பாய்களை விரித்தால் மிதியின் வலி குறையும். ஆனால் பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் வழுக்கி நகரும் கெண்டோ நடைக்கு அவை ஒத்துவரா, விரல் சிக்கி முழங்கால் முறுகும். முழு அளவான ஆடுகளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒன்பது முதல் பதினொரு மீற்றர். மிகச் சிறிய அளவை ஒட்டுப்பலகையால் மூடுவதற்கே எட்டடிக்கு நான்கடிப் பலகைகள் இருபத்தெட்டு வேண்டும். அடியில் போடும் சட்டங்களின் செலவு வேறு. கழகத்துக்கு அது எட்டாது. ஆனால் பயிற்சிக்கு மூன்று மீற்றர் அகலமும் ஒன்பது மீற்றர் நீளமும் கொண்ட ஒரு பட்டை போதும். அதற்குப் பத்துப் பலகைகளும், கீழே வைக்க இறப்பர் பட்டிகளும் போதுமானவை. பயிற்சி முடிந்ததும் கழற்றி, சுவரில் சாய்க்காமல் நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாரிக்குள் கறையான் கணக்கை முடித்துவிடும். மரவாள் அடிப்படைப் பயிற்சிக்கோ இந்தத் தளம்கூடத் தேவையில்லை. அதில் ஓங்கி மிதிப்பது இல்லை, வழுக்கு நடை மட்டுமே. நன்றாகக் கூட்டிய வழவழப்பான சீமெந்துத் தரை அதற்குப் போதும். இயாய்டோவும் ஜோடோவும் தரையைப் பொறுத்தமட்டில் கெண்டோவைவிட இரக்கமுள்ளவை.

தரையைப் பார்த்தவர்கள் அண்ணாந்தும் பார்க்க வேண்டும். வாளைத் தலைக்கு மேல் ஓங்கும் கலை இது. தாழத் தொங்கும் மின்விசிறி இருந்தால் அதன் கீழ் நிற்பதற்கில்லை, அது ஓடாமல் நின்றாலும்கூட.

கருவிகளுள் மரவாளை இங்கேயே செய்விக்கலாம் என்பது பெரிய வசதி. அதன் முழு நீளம் ஏறத்தாழ 102 சென்ரிமீற்றர். யப்பானில் கருவாலி இனத்து மரத்தில் செய்வார்கள். வன்னித் தச்சுப்பட்டறையில் முதலில் நினைவுக்கு வரும் பாலை, அளவுக்கு மீறிய பாரம்; சிறுவரின் மணிக்கட்டு அதைத் தாங்காது. முதிரையில் நேர்ரேகை ஓடும் துண்டொன்று கிடைத்தால் நன்று. காட்டிலிருந்து வந்த மரத்தை வாங்காமல், மரக்காலையில் பற்றுச்சீட்டோடு வாங்குவது கழகத்தின் பெயரைக் காப்பாற்றும். கணுவோ வெடிப்போ உள்ள துண்டில் செய்த மரவாள் எதிரே நிற்பவரின் முகத்துக்குத் தெறிக்கக்கூடியது என்பதைத் தச்சரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும். ஷினாயை அப்படிச் செய்விக்கக் கூடாது. அதன் பத்தைகள் வளையும் விதமும் நுனித் தோலின் உறுதியும் பாதுகாப்போடு தொடர்புடையவை. வளர்ந்த ஆண்கள் பிடிக்கும் அளவுக்கு நீளம் 120 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது, எடை 510 கிராமுக்குக் குறையக் கூடாது, பெண்களுக்கு 440 கிராம் என்று விதி இருக்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மூங்கில் உலர்ந்து நொறுங்கத் தொடங்கும். எண்ணெய் தடவாத ஷினாயின் சிம்பு, முகக்கவசக் கம்பிகளின் ஊடாகக் கண்ணுக்குள் போகலாம். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் நான்கு பத்தைகளையும் விரலால் தடவிப் பார்ப்பதைச் சடங்காகவே ஆக்கிவிட வேண்டும்.

கவசம்தான் பணம் விழுங்கும் இடம். தொடக்க நிலைத் தொகுதி ஒன்றே யப்பானில் சில பத்தாயிரம் யென் ஆகும். கூரற்ற இயாய்டோ வாளும் ஏறத்தாழ அதே வரிசையில் நிற்கும். புலம்பெயர்ந்த கழகங்கள் தம் பழைய கவசங்களை அனுப்ப முன்வரலாம், வாங்கிக்கொள்ளலாம், ஆனால் எல்லாம் வளர்ந்தோர் அளவாக வந்து சேர்ந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் மென் சுழல்வதைப் பார்க்க நேரும். அனுப்பு முன் அளவு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பருத்தியும் தோலுமான இக்கவசம் வியர்வையை முழுதாகக் குடிக்கும். பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரையான வெயிலில் நடுப்பகல் வகுப்பு மயக்கத்தில்தான் முடியும். மாரியில் கழற்றி மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் காற்றாட உலர்த்துவதும், தலையில் கட்டும் துவாய் ஆளுக்கொன்றாக இருப்பதும், தேமல், படை பரவாமல் இருக்க வேண்டுமானால் தவிர்க்க முடியாதவை.

உடையைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவு தருவது ஒன்று உண்டு. தளர்ந்த மேலுடையும் ஹகாமா என்னும், கணுக்கால்வரை விழும் அகன்ற கீழுடையும் உடலை முழுமையாக மூடுவதால், அரைக்காற்சட்டை விளையாட்டுகளுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு இது தடையாக இராது. கெண்டோவில் எடைப் பிரிவும் இல்லை. பயிற்சியில் ஆண், பெண், முதியவர், இளையவர் எல்லோரும் மாறி மாறி எதிரே நிற்பார்கள். முதலாண்டில் ஹகாமாவும் வேண்டாம். பாடசாலை விளையாட்டு உடை போதும்.

இனி, ஊரின் கண். வடக்கில் வாள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது செய்தித்தாளின் வாள்வெட்டுச் செய்திகள்தான். 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொதுமக்கள் கேட்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இயாய்டோவின் கூரற்ற உலோக வாளும் உண்மை வாளும் ஒன்றுதான். அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏ-9 வீதியால் போகும் இளைஞர் வழியில் மறிக்கப்பட்டால், தொகுப்பின் பன்னிரண்டு வடிவங்களையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தொடக்கத்தில் உலோக வாளை முற்றாகத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம். மரவாளும் ஷினாயும்கூட மண்டபத்து அலுமாரியில் பூட்டியிருக்க வேண்டும், வீட்டுக்குப் போகக்கூடாது. வகுப்பு தொடங்கு முன் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியைக் கோவையில் வைத்திருப்பது நல்லது. வாட்பயிற்சி இளைஞரை ஒழுக்கமாக்கும் என்று பெற்றாரிடம் வாக்களிப்பதை நான் விரும்பவில்லை. எந்தப் பயிற்சியும் தானாக எவரையும் அப்படி ஆக்குவதில்லை. மண்டபக் கதவைத் திறந்து வைத்து, யாரும் எந்நேரமும் உள்ளே வந்து இருந்து பார்க்கலாம் என்று சொல்வது வாக்குறுதியைவிட வலிமையானது. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனுக்குக் கற்சிலைமடுவில் கல் நாட்டிய மண் இது. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த கதையைத் தகர வாளோடு மேடையேற்றாத பாடசாலை குறைவு. வாள்மீது நமக்கு வெறுப்பு இல்லை, அது யார் கையில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் அச்சம்.

2009 ஐக் கடந்து வந்த உடல்களையும் மனங்களையும் கணக்கில் எடுக்காமல் இங்கே எந்த உடற்பயிற்சியையும் ஒப்பிட முடியாது. செயற்கைக் கால் அணிந்தவர்கள், உடலில் இன்னும் ஷெல் துண்டுகளைச் சுமப்பவர்கள் நமது கழகங்களில் இருக்கிறார்கள். இயாய்டோத் தொகுப்பில் முதல் மூன்று வடிவங்கள் மண்டியிட்ட இருக்கையிலும் நான்காவது அரை இருக்கையிலும் தொடங்குகின்றன. மீதி எட்டும் நின்ற நிலை என்பதால், முழங்கால் மடிக்க முடியாதவருக்கும் அதில் இடமுண்டு. ஓங்கி மிதிக்கும் கெண்டோ அவர்களில் பலருக்கு இயலாது. மரவாள் அடிப்படையும் ஜோடோவும் இயலக்கூடும். மறுபுறம், கண்முன்னே ஒருவரைக் கற்பனை செய்து வெட்டி, குருதியை உதறும் அசைவு, குருதியை நேரில் கண்டவர்களுக்கு எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்குத் தோன்றாமல் போகலாம். கெண்டோவின் உரத்த குரலும் அப்படியே. மண்டபத்தை அடுத்த வீடுகளில் திடீர்ச் சத்தத்துக்கு இன்றும் திடுக்கிடும் முதியவர்கள் இருந்தால், வகுப்பின் நேரத்தையும் நோக்கத்தையும் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் குரலை அடக்கியே பயிலலாம், அதனால் பெரிய குறை வராது.

இவ்வளவையும் படித்த பின், நமக்கு இது எதற்கு என்று ஒரு நிர்வாகி கேட்டால் அது நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்கு உடல் உறுதியும் கூடிப் பயிலும் பழக்கமும் மட்டுமே நோக்கமென்றால், சிலம்பம் தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கும்போது, கடல் கடந்த கலையைத் தேடிப் போகத் தேவையில்லை. கம்பு நம்மிடம் உண்டு, தரை மணலாக இருக்கலாம், ஆசிரியர் ஆண்டு முழுவதும் கூப்பிடு தூரத்தில் இருப்பார். கராத்தே வகுப்பும் அநேகமாக அருகிலேயே இருக்கும். யப்பானிய வாட்கலை, அதுவே வேண்டும் என்று கேட்கும் ஐந்தாறு பேராவது இருந்தால்தான் தொடங்கத் தகுந்தது. அனிமே பார்த்து வந்த ஆசையை நான் தாழ்வாக எண்ணவில்லை. முதல் வகுப்பிலேயே வாளைச் சுழற்றவும் பாயவும் ஒன்றுமில்லை, இரண்டு மாதம் நடையும் பிடியும்தான் என்று தெரிந்த பின்னும் நிற்கும் ஆசையாக அது இருக்க வேண்டும்.

தொடங்குவதென்று முடிவானால், ஆசிரியர் ஊரில் நிற்கும் ஆவணி வாரங்களில் நாள்தோறும் பயின்று, ஒன்பதில் முதல் நான்கு பாடங்களையும் வணக்க முறையையும் ஓங்கி வெட்டும் தனிப்பயிற்சியையும் மட்டும் எடுத்துக்கொள்வது போதும். ஒன்பதையும் அவசரமாகப் பார்த்துவிட ஆசைப்பட்டால் ஒன்றும் நிலைக்காது. ஐப்பசியிலிருந்து விதைப்பும் மழையும், தை, மாசியில் அறுவடையும் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளும் வருவதால், வாரம் இரண்டு வகுப்புக்கு மேல் திட்டமிடுவது வீண். சாதாரண தரப் பரீட்சை எழுதுபவர்கள் இடையில் நிற்பதற்கும் இடம்விட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை எல்லோருடைய பதிவையும் ஒரே கோணத்தில் எடுத்து அனுப்பி, வரும் திருத்தங்களைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் பொறுப்பை, வயதில் மூத்த மாணவர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அடுத்த ஆவணியில் ஒன்பது பாடங்களையும் இரு பக்கமும் செய்யக்கூடியவர்கள் எட்டுப் பேர் இருந்தால், நான்கு தொகுதிக் கவசமும் மூன்று மீற்றர் அகலமான அந்த மரத்தளமும் கேட்டு நன்கொடையாளருக்கு எழுதலாம். இருவர் மோத, இருவர் அடிவாங்கி நிற்க, மற்ற நால்வரும் மரவாளோடு காத்திருந்து மாறிக்கொள்ள அது போதும். எட்டுக்குக் குறைந்தால் இன்னும் ஓராண்டு மரவாளோடு தொடரலாம். மூன்று பேருக்கும் குறைந்தால் வகுப்பை நிறுத்தி, அந்த இருவரையும் கொழும்பிலோ வெளிநாட்டிலோ படிக்கப் போகும் இடத்தில் நல்ல ஆசிரியர் ஒருவரைத் தேடிச் சேருமாறு சொல்லி, மரவாள்களைக் கையளித்துவிடலாம்.